பூனையின் மடி வீக்கம்: அடையாளங்களும் சிகிச்சையும்

நெல் சேர்த்து வைத்திருக்கும் வீட்டிற்குப் பூனையானது சம்பளமில்லாத காவற்காரன். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் இதை அறியாதார் இல்லை. ஆயினும், பசுவின் மடி சற்று வீங்கினால் உடனே மருந்து தேடும் குடியானவர், பூனையின் மடி வீங்கினால் "குட்டி போடப் போகிறது" என்று வாளாவிருந்துவிடுகிறார். சுருளிப்பட்டியில் நான் தங்கியிருந்த வீட்டிலும் இவ்வாறே நேர்ந்தது. மடியின் தோல் வெடித்துப் புண்ணான பின்னரே அது சூல் அன்று என்பது தெரிந்தது.

இயற்கையான மாறுதல்

பூனைக்குப் பெரும்பாலும் நான்கு ஜோடிக் காம்புகள் உண்டு. சூல்காலம் சுமார் 63 முதல் 65 நாட்கள். மூன்றாவது வாரத்தில் காம்புகள் சிவந்து தடிப்பதும், ஈனுங்காலத்தில் மடி நிறைவதும் இயற்கையே. இதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை.

நோயின் வகைகள்

1. இளம் பூனையின் வீக்கம்: பருவங்கண்ட சில வாரங்களிலோ, சூலுற்ற போதோ, கருத்தடை ஹார்மோன் மருந்து கொடுத்த பின்னரோ பல மடிகள் ஒருங்கே விரைவாய்ப் பருக்கும். பார்வைக்குப் பயங்கரமாயினும் இது புற்று அன்று. ஹார்மோன் மருந்தை நிறுத்துவதாலும், கருப்பை, சினைப்பைகளை அகற்றுவதாலும், வைத்தியர் இடும் எதிர்மருந்து ஊசியாலும் பெரும்பாலும் சில வாரங்களில் வற்றும்.

2. மடியழற்சி: குட்டி ஈன்ற பூனைக்கு நுண்கிருமிகளால் வருவது. மடி சூடாகி நோகும். பாலில் சீழோ இரத்தமோ காணும். தாய் இரை எடாது. குட்டிகள் பசியால் கத்தும். கிருமிக்கொல்லி மருந்தை வைத்தியரே தரவேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இதமாக ஒற்றடம் கொடுக்கலாம். தோல் கறுத்திருந்தாலும் சீழ் கோத்திருந்தாலும் ஒற்றடம் கூடாது.

3. கட்டி: முதிர்ந்த பூனையின் காம்பருகே பட்டாணி போன்ற கடின முடிச்சாகத் தோன்றும். பூனைகளின் மடிக்கட்டிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை புற்றேயாம். 2 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருக்கும்போதே அறுத்தெடுத்தால் நெடுநாள் பிழைக்க வழியுண்டு; தாமதித்தால் நோய் நுரையீரலுக்குப் பரவும்.

செய்யத்தகாதவை

பசுவின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசுவது நல்ல முறையே. ஆனால் பூனை தன் உடலை நக்குமாதலால், சுண்ணாம்பு சேர்ந்த அதனைப் பூனைக்குப் பூசலாகாது. மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. சிறு அளவும் உயிரைப் போக்கும். வீக்கத்தைப் பிசைவதும் கீறுவதும் கேடு.

முன்காப்பு

ஆறு மாதம் நிறையுமுன் கருத்தடை அறுவை செய்வித்தால் மடிப்புற்று வருவது மிகவும் அரிதாகும். முதல் வகை வீக்கத்திற்கும் இடமில்லாமற் போகும். மாதம் ஒருமுறை பூனையை மடியில் கிடத்தி, ஒவ்வொரு காம்பின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் மறுநாளே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். களஞ்சியத்தைக் காக்கும் பிராணிக்கு நாம் செலுத்தும் கூலி இதுவேயாகும்.