மரபணுவமைப்புக் கணிப்புகளைச் செம்மையாக்கல்

மரபணுவமைப்புக் கணிப்புகளைச் செம்மையாக்கல் என்பது, டி.என்.ஏ வரிசைப்படுத்தலில் கண்டறியப்பட்ட மாறுபாடு ஒவ்வொன்றிலும் ஒருவருக்குரிய மரபணுவமைப்பு எது என்று கணினி அளித்த முதற்கணிப்பைக் கூடுதல் தகவல்களைக் கொண்டு திருத்தி, நம்பத்தகாதவற்றை வடிகட்டி ஒதுக்கும் செயன்முறை ஆகும். பெற்றோரின் தரவு, மக்கள்தொகையில் அம்மாறுபாடு காணப்படும் அளவு, அருகிலுள்ள மாறுபாடுகளோடு அதற்குள்ள பிணைப்பு ஆகியன இதற்குப் பயன்படும் தகவல்களுள் முதன்மையானவை. மரபு நோய்களுக்கான காரணத்தைத் தேடும் ஆய்வுகளில், குறிப்பாகப் பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றிய திடீர்மாற்றங்களைக் கண்டறிவதில், இது தவிர்க்கமுடியாத படிநிலையாகக் கருதப்படுகிறது.

முதற்கணிப்பு ஏன் பிழைபடுகிறது

பால் நிறப்புரிகள் நீங்கலாக, மனிதரின் நிறப்புரிகள் ஒவ்வொன்றும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளாக உள்ளன. எனவே ஓர் இடத்தில் இரு படிகளிலும் ஒப்பீட்டு மரபணுத்தொகையிலுள்ள அதே எழுத்து இருக்கலாம். ஒரு படியில் மட்டும் வேறு எழுத்து இருக்கலாம். அல்லது இரு படிகளிலும் வேறு எழுத்தே இருக்கலாம். இம்மூன்று நிலைகளும் முறையே 0/0, 0/1, 1/1 என்று எழுதப்படுகின்றன. இவற்றுள் 0/1 என்பது இதரநுக நிலை எனப்படும்.

இன்று பரவலாக உள்ள வரிசைப்படுத்தற் கருவிகள் பல, டி.என்.ஏ-வைச் சுமார் 100 முதல் 150 எழுத்துகள் கொண்ட சிறு துண்டுகளாகவே வாசிக்கின்றன. ஒரு துண்டு இரு படிகளுள் எதிலிருந்து வந்தது என்பது நாணயத்தைச் சுண்டிவிடுவதைப் போன்றது. இதரநுக நிலையிலுள்ள ஓர் இடத்தின் மீது 4 வாசிப்புகள் மட்டுமே விழுந்திருந்தால், நான்கும் ஒப்பீட்டு எழுத்தையே காட்டுவதற்கு 16-இல் 1 வாய்ப்பு உண்டு. அந்நிலையில் கணினி அவ்விடத்தை 0/0 என்று பிழையாகக் கணிக்கும். 10 வாசிப்புகள் இருந்தால் இவ்வாய்ப்பு 1024-இல் 1 ஆகக் குறைகிறது. மரபணுத்தொகை முழுவதையும் சராசரியாக 30 மடங்கு ஆழத்தில் வாசித்தாலும், ஆழம் எங்கும் ஒரே சீராக அமைவதில்லை. சராசரி 30 என்பதற்குள் ஆழம் 4 உள்ள இடங்களும் ஒளிந்திருக்கும். ஆழக்குறைவுடன், எழுத்தைத் தவறாக வாசித்தலும் துண்டைத் தவறான இடத்தில் பொருத்துதலும் பிழைகளை உண்டாக்குகின்றன.

கணிப்பின் தர எண்

மாறுபாடுகளைப் பதிவதற்குப் பரவலாகப் பயன்படும் வி.சி.எஃப் கோப்பு வடிவம், ஆயிரம் மரபணுத்தொகைகள் திட்டத்திற்காக உருவாக்கப்பட்டது. இதில் கணிப்புடன், மூன்று நிலைகளும் வாசிப்புகளோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதும் மடக்கை அளவில் பதியப்படலாம். இவ்வளவுகோல் 1998 இல் வெளியிடப்பட்ட ஃபிரெட் மென்பொருளின் வழிவந்தது. இதில் 10 என்பது பத்தில் ஒரு பங்கு பிழை வாய்ப்பையும், 20 என்பது நூறில் ஒரு பங்கையும், 30 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கையும் குறிக்கும்.

மிகப் பொருத்தமான நிலைக்கு 0 என்ற எண் தரப்படும். அடுத்த நிலையின் எண்ணே கணிப்பின் தரமாகக் கொள்ளப்படும்; ஜி.ஏ.டி.கே மென்பொருளில் இதன் உச்சவரம்பு 99 ஆகும். மேற்கண்ட 4 வாசிப்பு எடுத்துக்காட்டில் 0/0 நிலைக்கு 0-உம், 0/1 நிலைக்குச் சுமார் 12-உம் கிடைக்கும். எனவே தரம் 12. கோப்பைத் திறந்து 0/0 என்பதை மட்டும் பார்ப்பவருக்கு, தரம் 12 உடைய 0/0-உம் தரம் 99 உடைய 0/0-உம் ஒன்றாகவே தோன்றும். இத்துறையில் நிகழும் தவறுகளுள் கணிசமானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதிலிருந்தே தொடங்குகின்றன எனலாம்.

முன்நிகழ்தகவைச் சேர்த்தல்

பேயசின் தேற்றத்தின்படி, வாசிப்புகள் தரும் சான்றை, அவற்றைப் பார்க்கும் முன்பே அறியப்பட்டிருந்த நிகழ்தகவோடு பெருக்கிப் புதிய மதிப்பீட்டைப் பெறலாம். மக்கள்தொகையில் அம்மாறுபாட்டின் அலைவெண், ஹார்டி, வைன்பெர்க் ஆகியோர் 1908 இல் தனித்தனியே வெளியிட்ட சமநிலை விதியின் வழியாக இந்த முன்நிகழ்தகவைத் தருகிறது.

அலைவெண் 1000-இல் 1 எனில், ஒருவர் இதரநுக நிலையில் இருப்பதற்கான முன்நிகழ்தகவு ஏறத்தாழ 500-இல் 1. இதனுடன் 16-இல் 1 என்னும் சான்றைப் பெருக்கினால் 8000-இல் 1 கிடைக்கும். கணிப்பின் தரம் 12-இலிருந்து 39-க்கு உயரும். மாறாக அலைவெண் 0.3 எனில், இதரநுக நிலையே 100 பேரில் 42 பேரிடம் இருக்கும். அப்போது தரம் 12-இலிருந்து 13-க்கு மட்டுமே நகரும். அரிதான மாறுபாட்டில் பெரிதும் உதவும் இம்முறை, பொதுவான மாறுபாட்டில் ஏறக்குறைய எதையும் மாற்றுவதில்லை.

பெற்றோரும் பிள்ளையும்

தாய், தந்தை, பிள்ளை ஆகிய மூவரையும் சேர்த்து ஆராயும்போது கணக்கு வேறுவிதமாகிறது. பிள்ளையிடம் மேற்கூறிய அரிய மாறுபாடு ஐயத்திற்கிடமின்றிக் காணப்படுகிறது எனக் கொள்வோம். பெற்றோர் இருவரிடமும் அவ்விடத்தில் 4 வாசிப்புகள் மட்டுமே உள்ளன; அனைத்தும் ஒப்பீட்டு எழுத்தையே காட்டுகின்றன. மேலோட்டமாக நோக்கின் இது புதிய திடீர்மாற்றம் போலத் தோன்றும்.

ஐசுலாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2012 இல் வெளியான ஆய்வு, ஒரு தலைமுறையில் ஓர் எழுத்து மாறும் வீதத்தை ஏறத்தாழ 10 கோடியில் 1.2 என அளந்தது. இரு படிகளையும் கணக்கிட்டால், குறிப்பிட்ட ஓரிடத்தில் புதிய மாற்றம் தோன்ற 4 கோடியில் 1 வாய்ப்பே உள்ளது. பெற்றோருள் ஒருவர் மாறுபாட்டைக் கொண்டிருந்து, 4 வாசிப்புகளிலும் அது தவறிப்போய், பிள்ளைக்கும் கடத்தப்பட்டிருப்பதற்கு 8000-இல் 1 வாய்ப்பு உண்டு. ஆகவே மாறுபாடு பெற்றோரிடமிருந்தே வந்திருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 5000 மடங்கு அதிகம். தனித்துப் பார்த்தபோது 39 ஆக உயர்ந்த தந்தையின் தரம், பிள்ளையின் தரவைச் சேர்த்தவுடன் சுமார் 3-க்கு வீழ்கிறது. கொடுத்தவர் தாயா தந்தையா என்பது பாதிக்குப் பாதியாகிவிடுகிறது. பெற்றோர் ஒவ்வொருவரிடமும் 30 வாசிப்புகள் இருந்தாலோ, முடிவு தலைகீழாகிப் புதிய திடீர்மாற்றமே ஆயிரக்கணக்கான மடங்கு பொருத்தமாகிறது.

இக்கணக்கு வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. மாறுபாடு உண்மையில் புதியதெனில், அடுத்த பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பெற்றோருள் ஒருவரது இனப்பெருக்க உயிரணுக்கள் சிலவற்றில் மட்டும் அது மறைந்திருக்கக்கூடும் என்பதால் சுழியம் என்று கூறவியலாது. பெற்றோருள் ஒருவர் இதரநுக நிலையில் அதனைக் கொண்டிருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் மருத்துவரிடம் கேட்கும் முதல் வினாக்களுள் ஒன்றுக்கான விடை, இவ்வாறு 4 வாசிப்புகளின் மீது தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். இதனாலேயே புதிய திடீர்மாற்றம் என ஐயுறப்படுவன சாங்கர் முறை போன்ற வேறொரு முறையால் மூவரிடமும் மீண்டும் சோதிக்கப்படுகின்றன.

ஒப்பீட்டு மக்கள்தொகையின் தேர்வு

முன்நிகழ்தகவு எந்த மக்களிடமிருந்து பெறப்பட்டது என்பது முடிவையே மாற்றவல்லது. இதயத்தசைப் புரதம் ஒன்றுக்குரிய எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் நீங்கிய மாறுபாடு ஒன்று தெற்காசியரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் காணப்படுவதாகவும், இதயத்தசை நோயுடன் தொடர்புடையதாகவும் 2009 இல் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பியரிடம் இது ஏறக்குறைய இல்லை. ஐரோப்பியத் தரவை மட்டும் முன்நிகழ்தகவாகக் கொண்டால், இம்மாறுபாட்டை உண்மையாகவே கொண்டுள்ள ஒரு தெற்காசியரின் குறைந்த ஆழமுள்ள 0/1 கணிப்பு 0/0 நோக்கித் தள்ளப்படும். செம்மையாக்கல் என்ற பெயரில் சரியான விடை அழிக்கப்படும் நிலை இது.

2015 இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகைகள் திட்டத்தின் இறுதித் தொகுப்பில் 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2504 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் 489 பேர் தெற்காசியர். ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேரும் இதில் அடங்குவர் என்பது குறிப்பிடத்தக்கது. இத்திட்டத்தில் முழு மரபணுத்தொகைகள் குறைந்த ஆழத்திலேயே வாசிக்கப்பட்டன. அருகருகே உள்ள மாறுபாடுகள் சேர்ந்தே கடத்தப்படும் பிணைப்பைப் பயன்படுத்தி, ஒருவரிடம் விடுபட்ட சான்று பிறரிடமிருந்து ஈடுசெய்யப்பட்டது. ஒரிருவரிடம் மட்டுமே உள்ள மிக அரிய மாறுபாடுகளுக்கு இவ்வழி அதிகம் உதவுவதில்லை.

வடிகட்டல்

ஓர் இடத்தை முழுவதுமாக ஒதுக்குவதும், அவ்விடத்தில் ஒருவரது கணிப்பை மட்டும் ஒதுக்குவதும் வெவ்வேறானவை. இடம் நம்பத்தக்கதாயினும் அங்கே ஒருவரின் மரபணுவமைப்பு ஐயத்திற்குரியதாக இருக்கலாம். செம்மையாக்கலுக்குப் பின் தரம் 20-க்குக் குறைவான கணிப்புகளைக் குறியிடுவது பொதுவான வழக்கம். அவ்வாறு ஒதுக்கப்பட்டவை ./. எனக் குறிக்கப்படலாம். இது "தெரியவில்லை" என்று பொருள்படுமேயன்றி "இல்லை" என்று பொருள்படாது. பின்னர் வரும் நிரல்கள் சில இதனை 0/0 ஆகக் கொண்டுவிடுவதுண்டு. அப்போது வடிகட்டியதன் பயன் முற்றிலும் கெடுகிறது.

இதரநுகக் கணிப்புகளில் இரு எழுத்துகளும் ஏறத்தாழச் சமமாக வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். 40 வாசிப்புகளில் 5 மட்டுமே மாறுபாட்டைக் காட்டினால் அது பொருத்தற் பிழையாகவோ, சில உயிரணுக்களில் மட்டும் நிகழ்ந்த மாற்றமாகவோ இருக்கக்கூடும். ஆணின் எக்சு நிறப்புரியின் பெரும்பகுதியில் இதரநுகக் கணிப்பு வருதலும் பிழைக்கு அறிகுறியாகும்.

ஹார்டி–வைன்பெர்க் சமநிலையிலிருந்து விலகும் இடங்களை ஒதுக்கும் வடிகட்டி கவனத்துடன் கையாளப்பட வேண்டியது. மரபணுத்தொகையில் ஒன்றையொன்று ஒத்த இரு பகுதிகளின் துண்டுகள் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டுவிட்டால் இதரநுகர் அளவுக்கு மீறிக் காணப்படுவர். இது உண்மையான பிழை. இதரநுகர் குறைவாக இருத்தலுக்கோ உறவுமுறைத் திருமணமும் காரணமாகலாம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் ஆகியோரை மணக்கும் வழக்கமுள்ள தென்னிந்தியச் சமூகங்களின் தரவில், இரு திசை விலகல்களையும் ஒருசேர ஒதுக்கினால் சரியான கணிப்புகளும் வீணாக இழக்கப்படும். ஜி.ஏ.டி.கே-இன் வழக்கமான வடிகட்டி இதரநுகர் மிகுதியை மட்டுமே நோக்குகிறது.

மென்பொருள்கள்

பிராடு நிறுவனம் உருவாக்கிய ஜி.ஏ.டி.கே, மக்கள்தொகை, குடும்பம் ஆகிய இரு வகை முன்நிகழ்தகவுகளையும் பயன்படுத்திக் கணிப்புகளைத் திருத்துகிறது. புதிய திடீர்மாற்றத்திற்கு இதன் இயல்புநிலை முன்நிகழ்தகவு 10 இலட்சத்தில் 1 ஆகும். இது மனிதரில் அளக்கப்பட்ட வீதத்தைவிட மிக உயர்ந்தது என்பதைப் பயனர் நினைவிற்கொள்ள வேண்டும். மூவரின் தரமும் 20 அல்லது அதற்கு மேல் இருந்தாலே ஒரு புதிய திடீர்மாற்றத்தை உயர் நம்பகத்தன்மை உடையதாக இது குறிக்கிறது. பீகிள் போன்றவை பிணைப்பின் வழியே செம்மையாக்குகின்றன. கூகுளின் டீப்வேரியன்ட் வாசிப்புகளின் அடுக்கைப் படமாக மாற்றி, நரம்பணு வலையமைப்பின் மூலம் மரபணுவமைப்பைக் கணிக்கிறது.