கொழும்பு பக்கம்... சென்னைதான் தூரம்!

சின்னதா ஒரு கேள்வி பாஸ். தூத்துக்குடிக்கு எது பக்கம், சென்னையா, கொழும்பா? 'இது கூடவா தெரியாது, சென்னைதான்'னு சொல்றீங்களா? போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

ஒருநாள் விடியக்காலை போன். கொழும்புல இருந்த ஆச்சியோட தங்கச்சி தவறிட்டாங்க. "எவ்வளவு நேரத்துல போய்ச் சேரலாம் ராசா?"ன்னு ஆச்சி கேட்டாங்க. இன்ஜினீயரிங் படிக்கிறவன் இல்லையா... பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்துட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க, பத்தாங்கிளாஸ் கணக்கே போதும்.

முதல்ல தூரம்

வாகைக்குளத்துல இருக்கிற தூத்துக்குடி விமான நிலையம்: அட்சரேகை 8.72, தீர்க்கரேகை 78.03. கொழும்புக்கான கட்டுநாயக்க நிலையம்: 7.18, 79.88. வித்தியாசம் 1.54 டிகிரி, 1.85 டிகிரி. அட்சரேகையில ஒரு டிகிரின்னா 111 கி.மீ. தீர்க்கரேகையில அது துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறையும். நம்ம பக்கம் 110. ஆக 171 கி.மீ., 204 கி.மீ. பிதாகரஸைக் கூப்பிட்டா விடை 266 கி.மீ.! இதே கணக்குல சென்னை சுமார் 530 கி.மீ. அதாவது, கொழும்பு பாதி தூரம்தான்.

ஒரு எச்சரிக்கை: துபாய், லண்டனுக்கெல்லாம் பிதாகரஸ் செல்லாது. பூமி உருண்டை. அதுக்கு 'ஹேவர்சைன்' சூத்திரம் வேணும்.

அப்புறம் நேரம்

சென்னைக்குப் பறக்கிற ஏ.டி.ஆர். விமானத்தோட வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. ஓடுபாதையில ஊர்ந்து, ஏறி, இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்கோங்க. சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் வருதா? டைம் டேபிளும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லுது. கொழும்புக்கு? ஒரே மணி நேரம்!

"ஒரு மணி நேரம்தான் ஆச்சி"ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் டிக்கெட் தேடினேன். நேரடி விமானமே கிடையாது. மதுரையிலிருந்து போற விமானத்துல அன்னைக்கு இடமில்லை. சென்னை போய் மாறணும். 530-ஓட இன்னொரு 650 சேருங்க, 1,180 கி.மீ. நாலு மடங்குக்கும் மேல! நடுவுல காத்திருப்பு வேற. ஆச்சி போய்ச் சேர்ந்தப்போ அடக்கம் முடிஞ்சிருந்தது.

1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வ.உ.சி. கப்பல் விட்டது இதே கொழும்புக்குத்தான். 2011-ல கூட ஒரு பயணிகள் கப்பல் சில மாசம் ஓடி நின்னுபோச்சு. வாகைக்குளத்துல 1,350 மீட்டரா இருந்த ஓடுபாதை இப்ப 3,115 மீட்டர். 2025 ஜூலையில புது முனையமும் திறந்தாச்சு. பெரிய விமானமே இறங்கலாம். கொழும்பு விமானம் எப்ப வரும்னு ஆச்சி இன்னும் கேட்டுட்டிருக்காங்க.

அதனால மக்களே, உங்ககிட்ட யாராவது 'எவ்வளவு நேரமாகும்'னு கேட்டா, என்னை மாதிரி அவசரப்பட்டு தூரத்தை வேகத்தால வகுத்துடாதீங்க. எத்தனை இடத்துல இறங்கி ஏறணும்னு முதல்ல பாருங்க!