ஒற்றைச் சட்டமா, இழைக் கற்றையா?

செம்புக் கம்பி தடிமனாக இருந்தால் அதன் மின்தடை குறையும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அப்படியானால், மின்நிலையத்திலுள்ள பெரிய மின்னியற்றிக்குள் கனத்த செம்புச் சட்டங்களை வைத்துவிடலாமே? பொறியியலார் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு சட்டத்தையும் பல மெல்லிய இழைகளாகப் பிரித்து, இழைதோறும் மின்காப்பு இடுகிறார்கள். ஏன் இந்தச் சிரமம்?

1855-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லியோன் ஃபூக்கோ ஒரு செம்புத் தட்டை மின்காந்த முனைகளுக்கிடையே சுழற்றினார். சுழற்றுவது கடினமாயிற்று, தட்டும் சூடேறியது. காந்தப்பாயம் மாறும்போது உலோகத்தினுள் மின்னோட்டம் தூண்டப்பட்டு, ஆற்றுச் சுழலைப் போல அங்கேயே வட்டமிடுகிறது. இதுவே சுழல் மின்னோட்டம். இது வெளிச்சுற்றுக்கு வராமல் வெப்பமாக வீணாகிறது.

மின்னியற்றியின் செம்புச் சட்டங்கள், சுழலாத இரும்புப் பகுதியில் வெட்டிய காடிகளுக்குள் கிடக்கின்றன. வினாடிக்கு 50 சுற்று வீதம் மாறும் மின்னோட்டம் அவற்றில் பாயும்போது, காடியின் குறுக்கே மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. கனத்த சட்டமானால் சுழல் மின்னோட்டத்திற்குத் தாராளமாக இடமுண்டு. பயன்தரும் மின்னோட்டமோ காடியின் வாய்ப்புறமாக ஒதுங்கிவிடும். அடிப்பகுதிச் செம்பு இருந்தும் பயனில்லை.

சட்டத்தை இழைகளாக்கினால் சுழலின் பாதை குறுகும். மெல்லிய இழையின் உயரத்தை மேலும் பாதியாக்கினால், அதே அளவு செம்பில் சுழல் இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் சிக்கல் இன்னும் தீரவில்லை. இழைகளின் முனைகள் இரு பக்கமும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன அல்லவா? காடியின் அடியிலுள்ள இழையைச் சூழும் காந்தப்பாயம் அதிகம். வாயருகே உள்ள இழைக்குக் குறைவு. எனவே தூண்டப்படும் மின்னழுத்தங்களும் வேறுபடும். ஓர் இழை வழியே சென்று மற்றோர் இழை வழியே திரும்பும் வீண் ஓட்டம் பிறக்கும். வாசலில் விரட்டியது கொல்லைப்புறமாக நுழைந்த கதைதான்!

ஜெர்மானியப் பொறியியலார் லுட்விக் ரோபெல் 1912-இல் இதற்கு வழி கண்டார். பின்னலைப் போல இழைகளைப் படிப்படியாக இடம் மாற்றினார். காடியைக் கடப்பதற்குள் அடியிழை மேலே வரும். மேலிழை அடிக்குச் செல்லும். ஒவ்வோர் இழையும் எல்லா இடங்களிலும் இருந்துவிடுவதால், எல்லாவற்றிலும் சம மின்னழுத்தமே தூண்டப்படும். வேறுபாடு இல்லையெனில் வீண் ஓட்டமும் இல்லை. இன்றும் பெரிய மின்னியற்றிகளில் ரோபெல் சட்டங்கள் உள்ளன.

வீட்டில் வீணாய்ப் போன மின்கம்பித் துண்டு கிடைத்தால் உரித்துப் பாருங்கள். உள்ளே பல இழைகள் இருக்கும். ஆனால் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அவை எளிதாக வளைவதற்காகவே பிரிக்கப்பட்டவை. சுழல் மின்னோட்டத்தை அடக்க அந்தப் பிரிவு மட்டும் ஏன் போதாது? இப்போது நீங்களே விடை சொல்வீர்கள்!