சேலம் உருக்காலையும் மோகன் நகரும்

சேலம் உருக்காலை, சேலம் நகரை அடுத்த கஞ்சமலை அடிவாரத்தில் அமைந்துள்ள பொதுத்துறை எஃகு ஆலையாகும். இந்திய உருக்கு ஆணையத்தின் (செயில்) ஓர் அலகான இது, நம் வீடுகளில் எவர்சில்வர் என்று சொல்லப்படும் துருப்பிடிக்காத எஃகைத் தயாரிக்கிறது.

பின்னணி

கஞ்சமலையில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது உள்ளது. இத்தாதுவை நெய்வேலி நிலக்கரியைக் கொண்டு உருக்கி இரும்பு எடுப்பதே தொடக்ககால எண்ணம். ஆலை வேண்டும் என்ற கோரிக்கை 1960களில் வலுத்தது. 1967இல் முதலமைச்சர் அண்ணாதுரை தலைமையிலான அரசு 'எழுச்சி நாள்' நடத்தி இதை வலியுறுத்தியது. 1970இல் பிரதமர் இந்திரா காந்தி சேலத்தில் அடிக்கல் நாட்டினார்.

ஆலையின் வளர்ச்சி

தாதுவில் இரும்பின் அளவு குறைவு. அதைச் செறிவூட்டிப் பயன்படுத்தச் செலவு அதிகம். எனவே திட்டம் மாறியது. 1981இல் உற்பத்தி தொடங்கியபோது, ஆலை வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருள்களைக் குளிர்நிலையில் உருளைகளுக்கிடையே அழுத்தி, மெல்லிய தகடாக மாற்றும் பணியை மட்டுமே செய்தது. 1995இல் சூடான நிலையில் உருட்டும் ஆலையும், 2010இல் எஃகு உருக்கும் பிரிவும் சேர்ந்தன. உருக்கும் பிரிவுக்கும் மூலப்பொருள் பழைய இரும்பும் கலப்பு உலோகங்களுமே. நாணயங்களுக்கான வட்டத் தகடுகளும் இங்குத் தயாராகின்றன.

எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. துரு பிடிக்காததற்கு இப்படலமே காரணம்.

குடியிருப்பு நகரம்

ஊழியர்களுக்காக அமைந்த குடியிருப்பு மோகன் நகர். நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவரும், மத்திய உருக்குத் துறை அமைச்சராக இருந்தவருமான மோகன் குமாரமங்கலத்தின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. அவர் 1973இல் டெல்லி விமான விபத்தில் உயிரிழந்தார். திருச்சி பெல் நிறுவனத்தின் கைலாசபுரத்தைப் போலவே, ஆலையை நம்பி எழுந்த ஊர் இது. ஆலை தளர்ந்தால் ஊழியர்களோடு சுற்றியுள்ள கடைக்காரர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பாதிக்கப்படுவர்.

இன்றைய கேள்விகள்

ஆலை பல ஆண்டுகள் நட்டத்தில் இயங்கியது. 2019இல் மத்திய அரசு இதைத் தனியாருக்கு விற்க விருப்பக் கோரிக்கைகளை வரவேற்றபோது தொழிலாளர்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆலைக்காக நிலம் கொடுத்த உழவர் குடும்பங்களோ, பயன்படுத்தாமல் கிடக்கும் நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டு வந்துள்ளன. ஆலை பொதுத்துறைக்கு என்பதற்காகவே நிலம் கொடுத்தோம் என்பது அவர்கள் வாதம்.

எந்தத் தாதுவை நம்பி இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அந்தத் தாது இன்றும் கஞ்சமலையிலேயே இருக்கிறது. அது இல்லாமலேயே ஓர் ஆலையும் ஊரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துள்ளன.