குதிரைமலை வலம்: ஆளில்லா வானூர்தியும் மின்கலக் கணக்கும்

புத்தளத்திற்கு வடக்கே, பொம்பரிப்புக்கு அப்பால், வில்பத்துக் காடு கடலைச் சந்திக்குமிடத்தில் குதிரைமலை என்னும் முனை அமைந்துள்ளது. மலை என்ற பெயர் பெற்றிருப்பினும், அது மலைநாட்டுச் சிகரங்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதன்று. கடலை நோக்கி இறங்கும் செம்மண் மேடே அது. அல்லி அரசாணியின் கோட்டை அங்கிருந்தது என்பது அப்பகுதி மக்களிடை வழங்கும் மரபுக்கதை. உரோம அறிஞர் பிளினி, கி.பி. முதலாம் நூற்றாண்டில் இயற்றிய ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில், அன்னியசு புளோக்காமசு என்பானால் விடுதலை செய்யப்பட்ட அடிமை ஒருவன் அராபியக் கரையோரம் கலஞ்செலுத்துகையில் வடகாற்றால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாளில் இலங்கையின் இப்பூரோசு என்னுந் துறையை அடைந்த செய்தியைக் கூறுகின்றார். கிரேக்க மொழியில் இப்போசு என்பது குதிரையைக் குறிக்கும். ஆதலின் அத்துறை குதிரைமலையே என்று அறிஞர் சிலர் கருதுவர்.

காற்றினால் ஈர்க்கப்பட்ட அக்கலத்திற்கு ஒரு துறை கிடைத்தது. இக்காலத்தில் அதே முனையைச் சுற்றிப் படம் பிடிக்க ஏவப்படும் ஆளில்லா வானூர்தி, அதாவது ‘ட்ரோன்’, காற்றினால் ஈர்க்கப்படுமாயின் அதற்குத் துறை எதுவும் இல்லை; கடலே உண்டு. ஒரு மலையை முழுதாக வலம்வந்து இடையறாத ஒரே காட்சியாகப் படமெடுக்க விழைவோர், கருவியை வானில் ஏற்றுவதற்கு முன்னரே தாளில் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்பதற்கு இவ்விடம் தக்க எடுத்துக்காட்டாகும்.

முதற்கண் சட்டத்தை நோக்குதல் வேண்டும். வில்பத்து 1938ஆம் ஆண்டு முதல் தேசிய வனமாக இருந்து வருகின்றது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி அதன் மேல் வானூர்தி பறக்கவிடுதல் ஆகாது. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளும் இதனோடு சேரும். 2019 ஏப்ரல் மாதக் குண்டுவெடிப்புகளின் பின்னர் இவ்வகை ஊர்திகள் நாடெங்கும் சிலகாலம் தடைசெய்யப்பட்டிருந்தமையை நினைவிற் கொள்வோர் இவ்விதிகளை எளிதாக எண்ணார். எனவே கீழ்வரும் கணக்கு அனுமதி பெற்றவர்க்கே உரியது. பெறாதவர்க்கு அது கணிதப் பயிற்சி மாத்திரமே.

இனி, மின்கலத்தின் இயல்பைக் காண்போம். இலிதிய மின்கலத்தின் அறையொன்று முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் ஏறத்தாழ 4.2 உவோற்று அழுத்தம் காட்டும். பெரும்பகுதி நேரமும் அவ்வழுத்தம் மெல்லமெல்லவே குறையும்; இறுதிப் பகுதியிலோ விரைந்து வீழும். ஆதலால், மீந்திருக்கும் கடைசிக் காற்பங்கு முதற் காற்பங்கிற்கு ஈடாகாது. அதனை இல்லாததாகவே கொள்ளுதல் அறிவுடைமை.

செய்தவர் முப்பது நிமிடம் பறக்கும் என்று குறித்த ஓர் ஊர்தியை எடுத்துக்கொள்க. அக்கணக்கு காற்றில்லா வெளியில், புதிய மின்கலத்தோடு கண்டது. கடற்கரைக் காற்றிற்கும் மின்கலத்தின் முதுமைக்குமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 24 நிமிடம் எஞ்சும். அதிற் காற்பங்கைத் தொடாமல் வைத்தால் 18 நிமிடம். மேலேறிக் கமராவைச் சரிபார்க்க 2 நிமிடம், வட்டத்தை அடைய 1 நிமிடம், திரும்பி இறங்க 3 நிமிடம் ஆக 6 நிமிடத்தைக் கழித்தபின், படம் பிடித்தற்குரிய காலம் 12 நிமிடம் மாத்திரமே. முப்பது என்று எண்ணிப் புறப்பட்டவனுக்கும் பன்னிரண்டு என்று அறிந்து புறப்பட்டவனுக்கும் உள்ள வேறுபாடே ஊர்தியை இழத்தற்கும் மீட்டற்கும் உள்ள வேறுபாடாகும்.

இப்பன்னிரண்டு நிமிடத்தில் எத்துணைப் பெரிய வட்டம் அடங்கும்? வட்டத்தின் சுற்றளவு ஆரையின் இருமடங்கைப் பையாற் பெருக்கப் பெறப்படும் என்பதை மாணவர் அறிவர். 400 மீற்றர் ஆரையுடைய வட்டத்தின் சுற்றளவு 2,513 மீற்றர். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்திற் செல்லும் ஊர்தி அதனை 8 நிமிடம் 23 செக்கனில் முடிக்கும். ஆரையை 700 மீற்றராக்கினால் சுற்றளவு 4,398 மீற்றராகும். அதே வேகத்தில் 14 நிமிடம் 40 செக்கன் செல்லும். அது பன்னிரண்டில் அடங்காது. ஆயினும் வேகத்தைச் செக்கனுக்கு 7 மீற்றராக உயர்த்தின் 10 நிமிடம் 28 செக்கனில் வலம் முற்றுப்பெறும். வேகம் கூடினாற் காட்சி பரபரப்பாகத் தோன்றுமே என்று ஐயுற வேண்டுவதில்லை. காண்போர் கண்ணுக்குப் புலப்படுவது ஊர்தியின் வேகமன்று. மலை திரும்பும் கோணவேகமே. முதல் வட்டத்தில் அது செக்கனுக்கு 0.72 பாகை; இரண்டாவதில் 0.57 பாகை. தூரத்தே நின்று விரைந்து செல்லும் ஊர்தி, அண்மையில் மெல்லச் செல்வதினும் அமைதியான காட்சியைத் தரும்.

இன்னும் ஒரு வினா எஞ்சியுள்ளது. முழுவட்டமும் தேவைதானா? பத்து நிமிடம் ஒரு மலை சுழல்வதை எவரும் பொறுமையுடன் பாரார். காற்பங்கு வட்டமே பெரும்பாலும் மலையின் உருவத்தைப் புலப்படுத்தப் போதியது. 700 மீற்றர் ஆரையில் அதன் நீளம் 1,100 மீற்றர். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் 3 நிமிடம் 40 செக்கனே செல்லும். முழுவட்டமே வேண்டுமென்போரும் அதனை இரண்டு அரைவட்டங்களாகப் பகுத்து, இரண்டு மின்கலங்களைக் கொண்டு, ஒரே உயரத்தில் ஒரே வேகத்திற் படமெடுத்துப் பின்னர் இணைத்துக்கொள்ளலாம்.

இதுவரை கூறியன காற்றை ஓரளவே கணக்கிற் கொண்டவை. உண்மையில் இக்கலையின் உயிர்நிலை காற்றிலேயே உள்ளது. செக்கனுக்கு 12 மீற்றர் மிகுவேகமுடைய ஊர்தி, 8 மீற்றர் வேகமுள்ள காற்றின் வழியே செல்லுங்கால் தரையை நோக்க 20 மீற்றர் வேகம் பெறும். எதிரே வருங்கால் 4 மீற்றரே பெறும். ஆகவே ஒரு கிலோமீற்றர் தொலைவைப் போகும்போது 50 செக்கனில் கடந்த அது, திரும்பும்போது 250 செக்கன் எடுக்கும். காற்றில்லாவிடின் போக்கும் வரவும் சேர்ந்து 167 செக்கனே. காற்று வீசும்போது 300 செக்கன். போகும்போது பெற்ற ஊதியம் வரும்போது கொடுக்கும் வட்டிக்கு ஒருபோதும் ஈடாவதில்லை.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கின்றது. முதலிற் காற்றை எதிர்த்துச் செல்க. பின்னர் காற்றோடு திரும்புக. வட்டத்திற்கும் இது பொருந்தும். புறப்படும் இடம் மலையின் காற்றொதுக்குப் பக்கத்தில் இருப்பின், மின்கலம் வலிமையோடிருக்கும் முதற்பாதியில் எதிர்காற்றும், அது தளர்ந்திருக்கும் பிற்பாதியில் துணைக்காற்றும் அமையும். வலமாகச் சுற்றினும் இடமாகச் சுற்றினும் இதில் வேறுபாடில்லை.

புத்தளக் கரைக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்ப்பின் வியப்பான முடிவொன்று கிடைக்கும். மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வலியது. கற்பிட்டிக் குடாநாட்டில் மாம்புரி முதலிய இடங்களில் 2010ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் நிறுவப்பட்டமைக்கு அதன் வலிமையும் ஒரு காரணம். அது கடுமையாக வீசும் நாளிற் பறத்தலே தகாது. ஆயினும் அது கடலிலிருந்து கரைக்கு வருங்காற்று. வலியிழந்த ஊர்தியைத் தரையை நோக்கியே தள்ளும். வாடைக்காற்றோ மென்மையுடையதாகத் தோன்றினும் நிலத்திலிருந்து கடலுக்குச் செல்வது. ஊர்தி எளிதாகக் கடல்மேற் சென்று சேரும். திரும்புகையில்தான் காற்றின் எதிர்ப்பு விளங்கும். மேலும், நிலத்தில் நிற்போன் மரங்களின் ஒதுக்கில் நிற்கின்றான். நூறு மீற்றர் உயரத்தில் வீசுங்காற்று அவன் முகத்திற் படுவதினும் மிக்கது. ஆகவே அச்சந்தரும் சோளகத்தினும் நயந்து அழைக்கும் வாடையே இங்கு ஊர்திக்குப் பெரும்பகை எனலாம். வாடைக்காலத்திற் கடற்புறத்து அரைவட்டத்தை விலக்கி, நிலப்புறத்து வில்லோடு அமைதலே தக்கது.

ஒளியும் இக்கணக்கில் இடம்பெறும். குதிரைமலையின் செம்மண் முகம் மேற்கு நோக்கியது. காலையில் அது நிழலில் இருக்கும். மாலை வெயிலிலேயே அதன் செம்மை பொலியும். பருவக்காற்றுகள் ஓய்ந்த மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பிற்பகலிற் கடற்காற்று வீசும். அதுவும் கடலிலிருந்தே வருவதால் மேற்கூறிய விதிக்கு இசைந்தது. இரவில் நிலக்காற்றுத் தொடங்குமுன் பணியை முடித்தல் வேண்டும்.

மெய்யான மலைகளிற் பிற இடர்களும் உள. ஊர்தியையும் இயக்குவோனையும் இணைக்கும் வானொலி அலைகள் பாறையை ஊடுருவா. மலைக்குப் பின்னே சென்ற ஊர்தி தொடர்பை இழந்தால், தானே வீடு திரும்பும் ஏற்பாடு இயங்கத் தொடங்கும். அவ்வேற்பாடு பொதுவாக நேர்கோட்டிலேயே திரும்பும். அந்நேர்கோட்டில் மலை நிற்கும். திரும்பும் உயரத்தைச் சிகரத்தினும் மேலாக முன்கூட்டிக் குறியாதவன் ஊர்தியை மலைமேலேயே மோதச் செய்தவனாவான். உயரம் கூடக் காற்றின் அடர்த்தியும் குறையும். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் உச்சியில் அது கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்களவே. அங்கு மிதந்து நிற்பதற்கே ஏறத்தாழ 12 வீதம் மிகுதியான ஆற்றல் வேண்டும். குளிரும் மின்கலத்தின் திறனைக் குறைக்கும். புத்தளத்திற் பன்னிரண்டு நிமிடமாயிருந்தது அங்கே பத்தாகிவிடும்.

இத்தகைய கணக்கின் பயன் படத்தோடு முடிவதன்று. 2018 யூலை மாதம் காரகோரத்தின் புரோட் சிகரத்தில் இசுக்கொத்துலாந்து மலையேறுநர் இறிக் அலன் காணாமற் போனார். கே2 மலையில் தம் சகோதரரின் பனிச்சறுக்கலைப் படமெடுக்கச் சென்றிருந்த போலந்து நாட்டவரான பார்தெக் பார்கியேல் தம் ஊர்தியை ஏவி அவர் இருக்குமிடத்தைக் கண்டார்; அலன் மீட்கப்பட்டார். படமெடுக்கக் கற்ற கட்டுப்பாடே அங்கு ஓர் உயிரைக் காக்க உதவியது.

சுருங்கக் கூறின், முதலில் அனுமதி, பின்னர் காற்று, அதன்பின் திரும்புதற்குரிய மின்கலப் பங்கு, இறுதியிலேயே வட்டம் என்பதே முறை. பெரும்பாலோர் வட்டத்தை முதலில் வரைந்து திரும்புதலை இறுதியில் எண்ணுவர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் பழமொழி. கடல்மேல் ஏவுவோர்க்கு அவ்வறிவுரை இன்னும் சாலப் பொருந்தும். பாதி வட்டத்தை எட்டும்போது பயன்படுத்தற்குரிய மின்னாற்றலிற் பாதிக்குக் குறைவாக எஞ்சியிருக்குமென முன்னரே தெரியுமாயின், அவ்விடத்தை அடையுமுன் திரும்புக. எடுக்கப்படாத படத்தை மற்றொரு நாளில் எடுக்கலாம்.