சனிக்கிழமை மைதானத்தில் யாருக்கு இடம்?

1869 நவம்பர் 6ஆம் தேதி, நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் ஊரில், ரட்கர்ஸ் கல்லூரி மாணவர்களும் பிரின்ஸ்டன் மாணவர்களும் அணிக்கு 25 பேராக ஒரு புல்வெளியில் மோதினார்கள். ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றை இந்த ஆட்டத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். பலர் மரவேலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சிலர் குதிரை வண்டியை விட்டு இறங்காமலே பார்த்தார்கள். டிக்கெட் என்ற பேச்சே இல்லை.

2026 ஜனவரி 19ஆம் தேதி, மயாமியை ஒட்டிய ஸ்டேடியத்தில் இந்தியானா பல்கலைக்கழகம் மயாமி பல்கலைக்கழகத்தை 27–21 என்று வென்று தேசிய பட்டத்தைக் கைப்பற்றியது. இந்தியானாவின் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் தோல்வியையே பார்த்தவர்கள். தங்கள் வாழ்நாளின் பெரிய இரவை நேரில் பார்க்க அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த விலை? மறுவிற்பனைத் தளங்களில் கடைசி வரிசை இருக்கையே ஆயிரக்கணக்கான டாலர்.

விலை ஏறியதை மட்டும் சொல்வதானால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. எந்தப் பண்டத்தின் விலைதான் ஏறவில்லை? எனக்கு உறுத்துவது வேறு. ஊரும் மாணவரும் சேர்ந்து எழுப்பிய மைதானங்களிலிருந்து அந்த ஊரும் மாணவருமே மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படுகிறார்கள்.

ஊர் கூடிக் கட்டிய மைதானங்கள்

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடியும், எறிந்தும், மோதியும் ஆடுவது. இலையுதிர் காலச் சனிக்கிழமைகள் அதற்கு உரியவை. மிச்சிகனின் ஆன் ஆர்பர், அலபாமாவின் டஸ்கலூசா போன்ற ஊர்களில் தொழில்முறை அணி கிடையாது. பல்கலைக்கழக அணிதான் ஊரின் அணி. அங்கே படிக்காதவருக்கும் அது சொந்த அணி.

1875இல் ஹார்வர்டும் யேலும் முதன்முதலாக மோதியபோதே நுழைவுக் கட்டணம் வந்துவிட்டது: 50 சென்ட். சுமார் 2,000 பேர் அதைக் கொடுத்து உள்ளே போனார்கள். கூட்டம் வளர வளர மரப் பலகைகள் போதவில்லை. 1903இல் ஹார்வர்டு கான்கிரீட் ஸ்டேடியம் கட்டியது. 1914இல் யேல் சுமார் 70,000 பேர் அமரும் கிண்ண வடிவ மைதானத்தைத் திறந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் நாடெங்கும் ஸ்டேடியம் கட்டும் வேகம் பிறந்தது.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 1922இல் லாட வடிவ ஸ்டேடியத்தைத் திறந்தபோது அதற்கான பணத்தில் பெரும்பங்கு பொதுமக்கள் சந்தாவாகக் கொடுத்தது. இவ்வளவு பெரிய இடம் நிரம்பவே நிரம்பாது என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த அக்டோபரில் மிச்சிகனுடனான திறப்பு விழா ஆட்டத்துக்கே 70,000 பேருக்கு மேல் திரண்டார்கள். மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், போரில் இறந்தவர்களின் நினைவாக ஒரு ஸ்டேடியம் எழுந்தது. அதன் பின்னால் இருக்கும் குன்றில் ஏறி உட்கார்ந்தால் காசு கொடுக்காமலே ஆட்டம் பார்க்கலாம். காசில்லாதவர்கள் அன்று ஏறினார்கள், இன்றும் ஏறுகிறார்கள்.

மிச்சிகனின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1927இல் அங்கே விளையாட்டுத் துறை இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட் ஸ்டேடியம் எழுப்பியபோது அரசின் பணத்தை நம்பவில்லை. தலா 500 டாலருக்கு 3,000 கடன் பத்திரங்களை வெளியிட்டார். பத்திரம் வாங்கியவருக்கு வட்டி உண்டு, நடு மைதானத்தை ஒட்டிய நல்ல இடத்தில் சீசன் டிக்கெட் வாங்கும் உரிமையும் உண்டு. காசுள்ளவனுக்கு நல்ல இருக்கை என்பது அன்றே இருந்ததுதான். ஆனால் அந்த உரிமை 3,000 பத்திரங்களோடு நின்றது. ஸ்டேடியமோ 70,000 பேருக்கு மேல் கொண்டது. மிச்சமிருந்த இருக்கைகள் டிக்கெட் காசு கொடுத்த எவருக்கும் திறந்திருந்தன.

அன்று எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பெரிய ஆட்டங்களுக்கு அப்போதும் பிளாக்கில் டிக்கெட் விற்றார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஒதுக்குப்புறத்தில் உட்கார வைத்தார்கள். அங்குள்ள பல அணிகளில் 1960களின் கடைசி வரை அவர்களுக்கு இடமே இல்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று எவரும் சொல்ல வேண்டாம். அந்தப் பூட்டு நிறத்தால் போடப்பட்டது, போராடி உடைத்தார்கள். இன்றைய பூட்டு பணத்தால் போடப்பட்டிருக்கிறது.

டிக்கெட் வாங்கும் உரிமைக்கு ஒரு விலை

1950களில் தொலைக்காட்சியைக் கண்டு கல்லூரிகள் பயந்தன. வீட்டிலேயே பார்க்க முடிந்தால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்று, கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஒளிபரப்பாகும் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. அன்று டிக்கெட் வசூல்தான் உயிர்நாடி. 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அதன் பிறகு ஒளிபரப்புப் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. பல்கலைக்கழகங்களின் பிக் டென் கூட்டமைப்பு 2022இல் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டுமே ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல்.

இவ்வளவு பணம் வரும்போது டிக்கெட் மலிந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. வந்த பணத்தைக் கொண்டு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தை முந்தப் பார்த்தது: பெரிய பயிற்சிக் கூடம், பெயர்பெற்ற பயிற்சியாளர். ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கெர்பி ஸ்மார்ட்டுக்கு 2024 ஒப்பந்தப்படி ஆண்டுச் சம்பளம் 1.3 கோடி டாலர். முந்தும் போட்டிக்கு எல்லை கிடையாது. ஆகவே எவ்வளவு வந்தாலும் போதவில்லை. டிக்கெட் வாங்கியவருக்குப் பல ஆட்டங்கள் மதியமா இரவா என்பதுகூட இரண்டு வாரத்துக்கு முன்னால்தான், சில சமயம் ஒரு வாரத்துக்கும் குறைவாகத்தான் தெரியவரும். அதை முடிவு செய்வது தொலைக்காட்சி நிறுவனம்.

இதோடு சேர்ந்து வந்தது நன்கொடை முறை. பெரிய அணிகளின் நல்ல இருக்கைகளை இன்று டிக்கெட் விலையை மட்டும் கட்டி வாங்க முடியாது. முதலில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிதிக்கு ஆண்டுதோறும் நன்கொடை கட்ட வேண்டும். அது நூற்றுக்கணக்கிலும் இருக்கலாம், ஆயிரக்கணக்கிலும் இருக்கலாம். கட்டினால் டிக்கெட் வாங்கத் தகுதி கிடைக்கும். அதற்குப் பிறகு டிக்கெட்டுக்குத் தனியாகக் காசு. 1927இல் பத்திரம் வாங்கியவர் கடன் கொடுத்தார், வட்டி பெற்றார். இன்றைய ரசிகர் கொடுக்கும் பணம் திரும்பாது. அடுத்த ஆண்டு கொடுக்காவிட்டால் இருக்கையும் போய்விடும்.

அமெரிக்க வரிச் சட்டமும் இதற்கு நெடுங்காலம் துணை நின்றது. இருக்கைக்காகக் கட்டும் நன்கொடையில் 80 சதவீதத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 1988இல் நாடாளுமன்றம் சலுகை தந்தது. 2017 கடைசியில் நிறைவேறிய வரிச் சட்டம்தான் அதை நீக்கியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், மைதானத்துக்குள் கால் வைக்கவே வழியில்லாத ஏழை வரி செலுத்துபவரும் செல்வந்தரின் இருக்கைச் செலவில் ஒரு பங்கைச் சுமந்தார்.

குறையும் இருக்கைகள்

அன்று ஸ்டேடியத்தைப் புதுப்பித்தால் இருக்கைகள் கூடின. இன்று புதுப்பித்தால் குறைகின்றன. அலபாமாவின் பிரையன்ட்-டெனி ஸ்டேடியம் 2020 சீரமைப்புக்குப் பிறகு 101,821 இருக்கைகளிலிருந்து 100,077 ஆனது. சாதாரண வரிசைகள் இருந்த இடத்தில் சொகுசு இருக்கைகள் வந்தன. சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் சுமார் 47,000 பேர் அமர்ந்த பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, சுமார் 85 கோடி டாலர் திட்டத்தில் 35,000 பேருக்கான புதியதைக் கட்ட முடிவெடுத்தது. போர் நினைவாக எழுந்த அந்த பெர்க்லி ஸ்டேடியத்தை 2012இல் 32 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்தார்கள். அந்தப் பணத்தை ஈட்ட, நல்ல இருக்கைகளின் நீண்டகால உரிமைக்குக் குறைந்தது 40,000 டாலர் என்று விலை வைத்தார்கள். நினைத்த அளவுக்கு வாங்க ஆளில்லை. கடன் பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்தது.

நன்கொடை கட்டாதவருக்கு மிஞ்சுவது மறுவிற்பனை. முன்பு மைதான வாசலில் கையில் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் பேரம் பேசலாம். ஆட்டம் தொடங்கியதும் விலை இறங்கும். 2000இல் ஸ்டப்ஹப் போன்ற தளங்கள் வந்த பிறகு அந்த வாசல் நாடு முழுவதற்கும் விரிந்தது. அயலூர்க்காரரும் வியாபாரியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஓர் அணி சொந்த ஊரில் ஆடுவது ஒரு பருவத்தில் ஏழு ஆட்டங்கள் போல. அதில் பரம எதிரி வரும் ஆட்டம் ஒன்றோ இரண்டோ. அவற்றுக்குப் பல நூறு டாலர் கேட்பது வழக்கமாகிவிட்டது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலிக்கு வாரம் 40 மணி நேரம் உழைப்பவருக்குக் கிடைப்பது 290 டாலர். ஒரு வார உழைப்பு முழுவதையும் கொட்டினாலும் பெரிய ஆட்டத்துக்கு ஒருவர் போய்வரப் போதாது; பிள்ளைகளை அழைத்துப் போவது எப்படி?

வீரர்கள் மீது போடப்படும் பழி

இப்போது விலையேற்றத்துக்குப் புதிய காரணம் ஒன்று சொல்கிறார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, பல்கலைக்கழகங்கள் வருமானத்தில் ஒரு பங்கை நேரடியாக வீரர்களுக்குக் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். இதை எதிர்பார்த்து டென்னசி பல்கலைக்கழகம், 2025 பருவ டிக்கெட்டுகளில் வீரர்களுக்கென்று 10 சதவீதக் கட்டணம் சேர்ப்பதாக 2024 செப்டம்பரிலேயே அறிவித்தது.

ஒரு நூற்றாண்டாக உடம்பை முறித்துக்கொண்டு ஆடிய இளைஞர்களுக்கு ஊதியம் கிடைப்பது தாமதமாக வந்த நீதி. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பயிற்சியாளரின் கோடிகளில் கை வைக்காமல், அந்தச் செலவை டிக்கெட் சீட்டில் தனி வரியாக எழுதி ரசிகரிடம் நீட்டுவது நியாயமல்ல. வீரர்களுக்குச் சம்பளம் வருவதற்கு வெகு முன்பே டிக்கெட் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

மாணவர் இல்லாத சனிக்கிழமை

டெக்சாஸ் ஏ அண்ட் எம் மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காருவதில்லை. 1922 ஜனவரியில் காயங்களால் அணி தேய்ந்துபோனபோது கிங் கில் என்ற மாணவர் சீருடை மாட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் இறங்கத் தயாராக நின்றார். அந்த நினைவில் இன்றும் நிற்கிறார்கள். களத்தில் உள்ள பதினொருவரோடு தாங்களும் ஒருவர் என்பது அவர்கள் நம்பிக்கை. தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டுவதும் இந்த ஆரவாரத்துக்காகத்தான். சொகுசுக் கண்ணாடி அறையில் அமர்ந்திருப்பவரால் அதைத் தர முடியாது.

மிச்சிகனில் 2014 பருவத்தில் மாணவர் சீசன் டிக்கெட் 280 டாலராக இருந்தது. அதே பருவத்தில் இரண்டு கோக் வாங்கினால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் என்ற விளம்பரச் சலுகை வெளிவந்து, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. தலையில் அடிபட்ட வீரரை மீண்டும் களத்தில் இறக்கிய விவகாரமும் சேர, மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். அக்டோபர் கடைசியில் விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் பதவி விலகினார். மறு ஆண்டு மாணவர் சீசன் டிக்கெட் 175 டாலருக்கு இறங்கியது. பல்கலைக்கழகம் அதனால் மூழ்கிவிடவில்லை.

டிக்கெட் விலையைச் சந்தைதான் முடிவு செய்கிறது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்பவர்களுக்கு அந்த 105 டாலர் குறைவே பதில். விலை வைப்பது மனிதர்கள். அவர்களை நெருக்கினால் இறங்கி வருகிறார்கள். மாணவர் பகுதியைச் சொகுசு இருக்கைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. நன்கொடை கேட்காத பொது இருக்கைகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் கணிசமாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்குக் குலுக்கலில் கொடுத்தாலும் சரி. இந்தப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பொதுப் பணத்தில் நடப்பவை. தன் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் ஆட்டத்தை நேரில் பார்க்க ஒரு சாதாரண மனிதன் யாருடைய தயவையும் நாட வேண்டியதில்லை. அது அவனுக்கு உரியது.