ஒன்றரையும் 1.50-ம் ஒன்றல்ல!
தாத்தா சைக்கிளை ஜோடிக்கப் போறீங்களா? டயர் வாங்கும் முன் உஷார்!

பெரம்பலூர்-

"அண்ணே, 22 இஞ்ச் சைக்கிளுக்கு ஒரு ஜோடி டயர் குடுங்க."

சைக்கிள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்பார்கள். கேட்பவர் மேல் குற்றமில்லை. ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 22 இஞ்ச் என்பது டயரின் அளவே அல்ல! அது சைக்கிளின் எலும்புக்கூடு, அதாவது பிரேமின் உயரம். 22 ஆனாலும் 24 ஆனாலும், பெரிய பார் வைத்த பழைய சைக்கிளின் சக்கரம் 28 இஞ்ச்தான்.

சீட்டுக்குக் கீழே இருக்கும் அளவைச் சொல்லி சக்கரத்துக்கு டயர் கேட்டால் என்ன ஆகும்? தலைக்கு அளவெடுத்துச் செருப்பு வாங்கிய கதைதான்.

பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடந்த பழைய சைக்கிளை இறக்கித் துடைத்து, வர்ணம் அடித்து, தடித்த டயரும் உயர்ந்த ஹேண்டில்பாரும் போட்டு 'ஸ்டைல்' வண்டியாக மாற்றும் ஆசை இப்போது பல இளவட்டங்களுக்கு வந்திருக்கிறது. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் டயர் பொருந்தாவிட்டால், அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி பின்னால் வரும்போது டயர் ரிம்மை விட்டு நழுவும். அப்போது ஸ்டைல் காப்பாற்றாது.

அந்தக் காலத்து ராஜா

முதலில் பழைய வண்டியின் ஜாதகத்தைப் பார்ப்போம்.

சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள், மேற்கு வங்காளம் ஆசன்சாலில் தயாரான ராலே, 1951-ல் அரியானா சோனிப்பட்டில் பிறந்த அட்லஸ், 1956-ல் பஞ்சாப் லூதியானாவில் பிறந்த ஹீரோ. அநேகமாக உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கேட்ட வண்டி அது. பால் கேன் தொங்கிய வண்டி. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காய மூட்டையைச் சுமந்த வண்டி. பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுத்தான் ஒரு தலைமுறையே சைக்கிள் கற்றது. நகராட்சிக்கு வரி கட்டி, தகட்டு வில்லையை வாங்கி மாட்டிய காலமும் உண்டு. விளக்கு இல்லாமலோ, டபுள்ஸ் ஏற்றியோ வந்து மாட்டினால் போலீஸ்காரர் வால்டியூபைப் பிடுங்கிவிடுவார். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போக வேண்டியதுதான்.

ஜோடனையும் புதிது அல்ல. ஹேண்டில்பார் முனையில் பிளாஸ்டிக் குஞ்சம், சக்கரக் கம்பியில் கலர் மணி, ஹப்பில் சுற்றிய நார்ப்பூ, மட்கார்டு நுனியில் நடிகர் படம் போட்ட ரப்பர் பட்டை என்று அப்போதே அமர்க்களம் செய்தவர்கள் நம் ஆட்கள்.

அந்த அட்லஸ் கம்பெனி, உத்தரபிரதேசம் சாகிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020 ஜூன் 3-ந் தேதி மூடியது. அன்று உலக சைக்கிள் தினம்! பெரிய பார் வண்டி வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கலாம்.

சிகாகோவில் பிறந்த தடியன்

தடித்த டயர் போட்ட குரூசர் சைக்கிள் அமெரிக்கச் சரக்கு. 1933-ல் சிகாகோ நகரின் ஷ்வின் கம்பெனி, உள்ளே காற்று நிறைய அடைக்கும் பலூன் டயரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அளவு 26 x 2.125. மேடு பள்ளத்தில் மெத்தென்று போகும்.

1970-களில் கலிபோர்னியாவில் சில வாலிபர்கள் இந்தப் பழைய ஷ்வின் வண்டிகளைப் பொறுக்கி எடுத்து, பிரேக்கையும் கியரையும் மாற்றி, மலைச் சரிவில் தலைதெறிக்க ஓட்டினார்கள். 1976-ல் அங்கே பந்தயமே நடந்தது. இன்று பையன்கள் ஓட்டும் 'மவுண்டன்' சைக்கிளுக்கு அதுதான் வித்து. நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு. பழைய குரூசரின் ரிம்மும் 26 இஞ்ச் மவுண்டன் சைக்கிளின் ரிம்மும் ஒரே அளவு. ஆகவே குரூசர் டயருக்காக அமெரிக்காவுக்கு எழுத வேண்டியதில்லை.

ஆனால் '26 இஞ்ச்' என்று மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

கணக்கு வாத்தியாரும் தோற்பார்

ஒன்றரையும் 1.50-ம் ஒன்றா? பள்ளிக்கூடத்தில் ஒன்று. சைக்கிள் கடையில் இல்லை!

டயரின் பக்கவாட்டில் '28 x 1½' என்று பின்னமாகப் போட்டிருந்தால் அது பழைய பெரிய பார் வண்டியின் டயர். '28 x 1.50' என்று புள்ளி வைத்துப் போட்டிருந்தால் அது வேறு ஜாதி. இந்தக் காலத்து ஹைபிரிட் வண்டிக்குரியது. முதலாவது உட்காரும் ரிம்மின் குறுக்களவு 635 மில்லிமீட்டர். இரண்டாவதற்கு 622. வித்தியாசம் 13 மில்லிமீட்டர். சின்னதை பெரிய ரிம்மில் ஏற்றவே முடியாது. நெம்புகோலை உடைத்ததுதான் மிச்சம். பெரியதைச் சின்ன ரிம்மில் போட்டால் சுலபமாக ஏறும். அதுதான் ஆபத்து! காற்றடிக்கும்போது ஒரு பக்கம் பிதுங்கி டியூப் வெடிக்கும். வெடிக்காவிட்டால் ஓடும்போது நழுவும்.

26 இஞ்ச் விஷயம் இன்னும் மோசம். '26 x 1⅜' என்பது பெண்கள் சைக்கிளிலும் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற வண்டிகளிலும் வரும். ரிம் 590. '26 x 1½' என்றால் 584. ஷ்வின் கம்பெனியின் தனிச்சரக்கான '26 x 1¾' என்றால் 571. '26 x 1.75', '26 x 2.125' என்று புள்ளியோடு இருந்தால் 559. நாலுக்கும் பெயர் 26 இஞ்ச்! ஒன்றுக்கொன்று சேராது.

ஏன் இந்தக் குழப்பம்? அந்தக் காலத்தில் அளவு சொன்னது ரிம்முக்கு அல்ல. காற்றடித்த டயரின் வெளிவிளிம்பு வரைக்கும் உத்தேசமாகச் சொன்ன அளவு அது. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ரிம் செய்து, தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. பெயர் நிலைத்துவிட்டது, குழப்பமும் நிலைத்துவிட்டது.

இந்தத் தகராறைத் தீர்க்க உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 5775 என்று ஒரு விதி உண்டு. அதன்படி டயரில் '40-635', '54-559' என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முன்னது டயரின் அகலம், பின்னது ரிம் உட்காருமிடத்தின் குறுக்களவு. இரண்டும் மில்லிமீட்டரில். இஞ்ச் கணக்கை மறந்துவிட்டு இந்த மூன்று இலக்க எண்ணை மட்டும் பாருங்கள். அது ஒத்துப்போனால் டயர் பொருந்தும். ஒத்துப்போகாவிட்டால் கடைக்காரர் மாமனாராகவே இருந்தாலும் வாங்காதீர்கள்.

நூல் வைத்தியம்

பழைய டயரில் எழுத்தே தேய்ந்து போயிருந்தால்? அதற்கும் வழி உண்டு.

டயரையும் டியூபையும் கழற்றுங்கள். ரிம்மின் உள்பக்கத்தில் டயரின் கம்பி விளிம்பு உட்காரும் தோள் ஒன்று இருக்கும். அந்தத் தோளைச் சுற்றி, இழுபடாத நூலை ஒரு சுற்றுச் சுற்றி வெட்டுங்கள். ரிம்மின் வெளி உதட்டில் அளக்கக் கூடாது. அங்கே அளந்தால் கணக்குத் தப்பும். நூலை நீட்டி டேப்பில் வையுங்கள்.

இரண்டு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் குறைவாக வந்தால் அது 635, உங்கள் தாத்தாவின் 28 x 1½. 195 சென்டிமீட்டர் சுமார் வந்தால் 622. 185 வந்தால் 590. 183-க்குக் கொஞ்சம் மேலே என்றால் 584. 175-க்கும் 176-க்கும் நடுவில் என்றால் 559. செலவு ஒரு முழ நூல்கூட அல்ல என்று சொல்ல ஆசைதான். நாலு முழத்துக்கு மேல் வேண்டும்.

72-ம் 72-ம்

சரி, தடித்த டயர்தான் வேண்டும், 28 சக்கரத்தைத் தூக்கிவிட்டு 26 சக்கரமே போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். போடலாம். ஆனால் ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டி வரும்.

பழைய வண்டியின் முன் ஹப்பில் 32 கம்பி, பின் ஹப்பில் 40 கம்பி. சுமை பின்னால்தானே ஏறுகிறது! புது ரிம்களில் பெரும்பாலும் முன்னும் பின்னும் 36 ஓட்டை. கூட்டிப் பார்த்தால் இரண்டும் 72. கூட்டல் சரி, ஆனால் 40 ஓட்டை ஹப்பில் 36 ஓட்டை ரிம்மைக் கட்ட முடியாது. ஹப்பும் மாற வேண்டும், கம்பியின் நீளமும் மாற வேண்டும்.

அடுத்தது கம்பி பிரேக். இது உயிர் விஷயம். பெரிய பார் வண்டியில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. ரிம்மின் உள்முகத்தில், ஹப்பைப் பார்த்த பக்கத்தில், மேலே இழுத்துப் பிடிக்கும். அதற்கென்றே அந்த ரிம்மில் இரு பக்கமும் தட்டையாக இடம் விட்டிருப்பார்கள். 559 ரிம் போட்டால் ரிம் 38 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். கட்டை எதைப் பிடிக்கும்? டயரைத்தான் தேய்க்கும். பிரேக் போனது போனதுதான்.

உயர்ந்த ஹேண்டில்பார் போட நினைத்தாலும் இதே கதி. பிரேக் கைப்பிடியும் கம்பியும் பழைய ஹேண்டில்பாரோடு சேர்ந்தே பூட்டியவை. அதைக் கழற்றினால் பிரேக்கும் கழன்றுவிடும். புது பிரேக்குக்கு வழி செய்துவிட்டுத்தான் ஹேண்டில்பாரில் கை வைக்க வேண்டும். பிரேக் இல்லாத வண்டிக்கு வர்ணம் அடித்து என்ன பயன்?

பெடல் விஷயமும் உண்டு. 28 x 1½ போட்ட சக்கரத்தைவிட 26 x 2.125 போட்ட சக்கரம் தடியாக இருந்தாலும் உயரத்தில் குறைவு. வண்டி சுமார் 2 சென்டிமீட்டர் தரையை நோக்கி இறங்கும். முன்பு இடிக்காத வேகத்தடையில் பெடல் இடிக்கும்.

கரிசல் சேறு

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை வெளியூர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

பெரம்பலூர் பக்கம் கரிசல் மண். மழை பெய்து வயல் பாதையில் இறங்கினால் மண் டயரோடு அப்பிக்கொண்டு வரும். மெல்லிய டயர் போட்டிருந்தாலே மட்கார்டில் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். சக்கரத்தைத் தூக்கிக் குச்சியால் சேற்றைக் குத்தி எடுத்த அனுபவம் இந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் உண்டு. 54 மில்லிமீட்டர் அகலமுள்ள தடித்த டயரைப் பழைய போர்க்குக்குள் திணித்தால், இரு பக்கமும் விரல் நுழைய இடமிருக்காது. பின்பக்கம் செயின் போகும் குழாயில் உரசவும் கூடும். டயர் வாங்கும் முன் போர்க்கின் உள் அகலத்தையும், பின்குழாய்களின் இடைவெளியையும் அளந்து, பக்கத்துக்கு 5 மில்லிமீட்டராவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டு வேண்டுமென்றால் இன்னும் கூடுதலாக.

அரியலூர் பக்கம் வேறு தொல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி அது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் சிமெண்டு ஆலைகளுக்கு லாரிகள் இரவு பகலாக ஏற்றிச் செல்கின்றன. சிந்திய கூர்ங்கல் சாலை ஓரத்தில், சைக்கிள் போகிற இடத்தில்தான் கிடக்கும். கூடவே சீமைக்கருவேல முள். பளபளப்பான மெல்லிய டயர் இங்கே சரிப்பட்டு வராது. ரப்பர் கனமாக உள்ளதைப் பாருங்கள். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லாமல் ராத்திரியில் அந்தச் சாலையில் இறங்கவே கூடாது.

வேடிக்கை என்னவென்றால், பெரம்பலூர் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப். கம்பெனியின் பெரிய டயர் ஆலையே இருக்கிறது. அங்கே மோட்டார் வாகன டயர்கள் உருளுகின்றன. சைக்கிள் டயருக்கு நாம் லூதியானாச் சரக்கை எதிர்பார்த்து நிற்கிறோம்!

மாட்டிய பிறகு

ஆகவே பரணில் இருப்பது பெரிய பார் வண்டி என்றால், 28 x 1½ சக்கரத்தையும் கம்பி பிரேக்கையும் அப்படியே வைத்து, ஓவராயில் செய்து, கோட்டம் எடுத்து, வர்ணத்திலும் சீட்டிலும் பெல்லிலும் ஆசையைத் தீர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். 26 இஞ்ச் புள்ளி அளவு ரிம் வைத்த வண்டி கிடைத்தால் தடித்த டயரைத் தாராளமாகப் போடலாம்.

டயரை மாட்டியதும் முழுக்காற்று அடித்துவிடாதீர்கள். பாதி அடித்து, டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மேலேறி, ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கிக் கையால் பிசைந்து சரி செய்யுங்கள். பிறகு டயரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று. அதற்கு மேல் ஒரு குத்துகூட வேண்டாம். முதல் ஓட்டத்தை உங்கள் தெருவிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் நாலு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்குப் போங்கள்.

கழற்றிய பழைய டயரை எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டாம். வாசலில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். தெருப் பையன் ஒருவன் குச்சியோடு வந்து தட்டி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு எந்த அளவாக இருந்தாலும் பொருந்தும்!